தீர்மான நோட்டில் நம்ம உடம்புக்கும் ஒரு பக்கம்

(கூட்டமைப்பின் ஜனவரி மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில், சுகாதார உபகுழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

எந்தப் புத்தாண்டு என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஜனவரி ஒண்ணு ஒரு புத்தாண்டு. சித்திரை ஒண்ணு இன்னொரு புத்தாண்டு. தை ஒண்ணுதான் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-ல் சட்டம் போட்டார்கள், 2011-ல் அதை மாற்றி மறுபடியும் சித்திரைக்கே போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் வருஷம் பிறக்குது. நம்ம குழுக் கணக்குக்கோ ஏப்ரல் ஒண்ணுலதான் புது வருஷம். அதனால் நாள் பற்றி நாம் சண்டை போட வேண்டாம். இன்னைக்கு கூடியிருக்கோம், வருஷம் புதுசு, பேச வேண்டிய விஷயம் பழசு. நம்ம உடம்பைப் பற்றித்தான்.

புது வருஷம் பிறந்தால் 'இந்த வருஷம் இதைச் செய்வேன், அதை விட்டுடுவேன்' என்று முடிவெடுப்பது இப்போ ஊருக்கு ஊர் வந்துவிட்டது. பிள்ளைகள் டைரியில் எழுதுகிறார்கள். நாமும் மனசுக்குள் நினைக்கிறோம், நேரத்துக்குச் சாப்பிடணும், டாக்டரிடம் போய்க் காட்டணும் என்று. ஆனால் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற வேலை வந்ததும் அதெல்லாம் பரண் மேலே ஏறிவிடுகிறது. அப்புறம் அடுத்த மார்கழியில்தான் ஞாபகம் வரும்.

இதுக்கு காரணம் நமக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீர்மானம் எடுத்து அதைக் காப்பாற்றுவது எப்படி என்று இந்த நாட்டில் யாருக்காவது தெரியும் என்றால் அது குழுப் பெண்களுக்குத்தான். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியபோது, கூலிக்குப் போகிற பெண்கள் வாராவாரம் சேமிப்பார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. சேமித்தார்கள். மழை பெய்தாலும் சேமித்தார்கள், வேலை இல்லாத ஆடியிலும் சேமித்தார்கள். எப்படி முடிந்தது? தனியாக வீட்டு உண்டியலில் போட்டிருந்தால் முடிந்திருக்காது. சின்னத் தொகையாக வைத்தோம். நாள் குறித்தோம். நோட்டில் எழுதினோம், கையெழுத்துப் போட்டோம். அடுத்த வாரம் 'ஏன் கட்டலை' என்று கேட்க பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவுதான் ரகசியம். இதே வழியை உடம்புக்கும் கொண்டு வருவோம் என்பதுதான் இன்னைக்கு நாங்கள் வைக்கிற கோரிக்கை.

உங்கள் குழுவின் உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். கடனுக்கான காரணம் என்கிற கட்டத்தில் 'மருத்துவச் செலவு' என்ற வார்த்தை எத்தனை தடவை வருது? அடுத்த கேள்வி, யாருடைய மருத்துவச் செலவு? மாமனாருக்கு கண் ஆபரேஷன், வீட்டுக்காரருக்கு கால் எலும்பு முறிவு, பிள்ளைக்கு காய்ச்சல். கடன் வாங்கியது நாம், கட்டுவது நாம், வைத்தியம் மட்டும் மற்றவர்களுக்கு. அவர்களுக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்ம பெயர் அந்தக் கட்டத்தில் வரும்போது பெரும்பாலும் காலம் கடந்து, பெரிய தொகையாக வருகிறது என்பதுதான் கவலை.

போன வருஷம் நம்ம பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். நாற்பது வயதை ஒட்டிய சகோதரி. களை எடுக்கப் போனால் பாதியில் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்கும், கண் இருட்டும். 'பித்தம்' என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பார். 'வயசாகுதில்ல' என்பார். குழுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிரதிநிதி அவர் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார், வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. மறுநாளே இரண்டு பேர் கூடப் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே. அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நர்சம்மா துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு வருஷமாக மாதவிலக்கு ஒவ்வொரு தடவையும் பத்து நாள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றி, கட்டிக்கும் வைத்தியம் பார்த்தார்கள். இப்போ அந்தச் சகோதரி நல்லா இருக்காங்க. பத்து வருஷமாக உறுப்பினராக இருந்தவர், தன் உடம்புக்கு என்று குழுவில் கடன் கேட்டது அதுதான் முதல் தடவை.

இது ஏதோ ஒருத்தருக்கு வந்த வியாதி இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இருபது பேர் உள்ள குழு என்றால் ஏறக்குறைய பத்து பேர். இப்போ உங்க வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர் உட்கார்ந்திருக்கீங்க. அந்தப் பத்து பேர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்கணும், கர்ப்பிணிக்கு 11. அதுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையானது, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்கணும். குழுவில் சேமிப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நம்ம ரத்த அளவு என்னவென்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லவில்லை. மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஏன் குறையுது? மாதாமாதம் போகிறது ஒரு பங்கு. பிரசவத்தில் போகிறது ஒரு பங்கு. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு காலின் தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டி ரத்தத்தைக் குடிக்கும். இதெல்லாம் போக, தட்டில் விழுவதே குறைச்சல். இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கையைப் பற்றிப் பேசணும். 'ஆம்பளை உழைக்கிறவன், அவனுக்குத்தான் சத்து வேணும்' என்று சொல்லிச் சொல்லி முட்டையும், மீன் துண்டும், குழம்பில் இருக்கிற காயும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. கடைசியில் சட்டியைச் சாய்த்து வழித்து, ரசத்தை ஊற்றி நாம் சாப்பிடுகிறோம். ஆனால் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் தயாரித்த அட்டவணை என்ன சொல்லுது தெரியுமா? ஒரு நாளைக்கு ஆணுக்குத் தேவையான இரும்புச் சத்து 19 மில்லிகிராம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு 29. ஒன்றரை மடங்கு! சோறு வேண்டுமானால் அவருக்குக் கூடுதலாகப் போகட்டும். இரும்புச் சத்து நமக்குத்தான் அதிகம் வேணும். இதை வீட்டில் சண்டையாகச் சொல்லாமல் சாப்பிடும்போது செய்தியாகச் சொல்லுங்கள். முக்கியமாக மாமியார் காதில் விழட்டும், மகன் காதிலும் விழட்டும்.

குழு தொடங்கின காலத்தில் நமக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன? செலவு போக மிச்சத்தைச் சேமிக்காதே, சேமிப்பை முதலில் எடுத்து வை, மிச்சத்தைச் செலவு பண்ணு. அதே பாடம் அடுப்படிக்கும் பொருந்தும். சமையல் இறக்கினதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். குழம்பில் இருக்கிற காய், கீரை, பருப்பு, முட்டை எடுத்த நாளில் ஒரு முட்டை. கடைசியில் உட்கார்ந்தாலும் அந்தக் கிண்ணம் உங்களுக்காகக் காத்திருக்கும். ராத்திரி ஒரு வேளையாவது வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. சில வீடுகளில் இது உடனே நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். கிண்ணம் எடுத்து வைக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

என்ன சாப்பிடலாம் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கு. சிவப்பா இருக்கிறதெல்லாம் ரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டையும் மாதுளம்பழத்தையும் கடன் வாங்கியாவது வாங்குகிறார்கள். அதில் இரும்பு குறைவு. காசைக் கொட்ட வேண்டாம். முருங்கைக்கீரை, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, எள்ளு, கம்பு இதெல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு. கேழ்வரகு நல்லதுதான், அதில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து ஏராளம், ஆனால் இரும்புச் சத்தில் கம்பு அதை மிஞ்சும். பயறை முளைகட்டினால், கம்பங்கூழை ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்துக் காலையில் குடித்தால், அதில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். நம்ம பாட்டிமார் காரணம் தெரியாமல் செய்யவில்லை போலிருக்கு. கறி சாப்பிடுகிறவர்கள் ஆட்டு ஈரல், சுவரொட்டி கிடைக்கும்போது விடாதீர்கள், கறியில் இருக்கிற இரும்புதான் உடம்பில் சீக்கிரம் சேரும். கீரையோடும் பயறோடும் கொஞ்சம் எலுமிச்சை, ஒரு நெல்லிக்காய், கொய்யாப்பழம் ஏதாவது சேர்ந்தால் இரும்பு நல்லா ஒட்டும்.

அடுத்து டீ. இதைச் சொன்னால் பாதிப் பேருக்கு கோபம் வரும். டீயை விடச் சொல்லவில்லை. காட்டு வேலைக்கு நடுவில் ஒரு வாய் டீ எவ்வளவு தெம்பு என்று நமக்குத் தெரியாதா? ஆனால் சோறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், சாப்பாட்டில் இருந்த இரும்பில் நல்ல பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். காபியும் அப்படித்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். 'டீ குடிக்கமாட்டேன்' என்று தீர்மானம் எழுதினால் மூன்று நாள் தாங்காது. 'ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பேன்' என்று எழுதினால் வருஷம் முழுக்கத் தாங்கும். எந்தத் தீர்மானமும் இப்படித்தான் எழுதணும் என்று நாங்கள் நினைக்கிறோம். விடுவேன், ஒழிப்பேன் என்று எழுதாமல், என்ன செய்வேன் என்று எழுதணும்.

ரத்தசோகை இருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். வாங்கி வந்து நாலு நாள் போட்டுவிட்டு பரணில் தூக்கிப் போடுவதுதான் பிரச்சினை. 'வயித்தைப் பிரட்டுது, மலம் கறுப்பா போகுது' என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவது, பயமில்லை. பிரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். பாலோடும் டீயோடும் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தாமல் நர்சம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், வேறு வழி சொல்வார்கள். ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் டாக்டர் சொல்கிறவரை சில மாதம் தொடரணும். ரத்தத்தில் ஏறினது போக உடம்பின் கையிருப்பும் நிரம்பணும் இல்லையா, வங்கியில் குறைந்தபட்ச இருப்பு மாதிரி. அடுப்படிக் காலண்டரில் போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போட்டால் மறக்காது. குடற்புழு மாத்திரையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு எச்சரிக்கை, இரும்பு மாத்திரையைச் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது, பேசவே கூச்சப்படுகிற விஷயம். இங்கே ஆம்பளைங்க யாரும் இல்லை, தைரியமாகப் பேசலாம். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனால், மணிக்கொரு தடவை துணி மாற்ற வேண்டி வந்தால், கட்டி கட்டியாகப் போனால் அது 'உடம்புச் சூடு' இல்லை, காட்ட வேண்டிய விஷயம். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டணும். வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலும் அப்படியே. முப்பது வயது தாண்டிய ஒவ்வொருத்தரும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளணும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற நர்சம்மாவே செய்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் காடி மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கத்தி கிடையாது, தையல் கிடையாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒரு நாளில் வருவதில்லை, புற்றாக மாறப் பல வருஷம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பல வருஷமும் நமக்குக் கிடைக்கிற அவகாசம். மார்பில் கட்டி இருக்கிறதா என்பதையும் அதே இடத்தில் பார்த்துவிடுவார்கள்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இப்போ ஊருக்கு ஊர் தெரிந்த விஷயம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கவும், சர்க்கரை பார்க்கவும், மாத்திரை கொடுக்கவும் எடுக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். 2024-ல் அந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்ததில் அவர்கள் நடந்த நடைக்கும் பங்கு உண்டு. அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டினால் காட்டணும், தலைவலி வந்தால்தான் பிரஷர் என்று காத்திருக்கக் கூடாது, பெரும்பாலும் அது எந்த அறிகுறியும் காட்டாது. உப்புக்கு மட்டும் ஒரு கணக்கு சொல்கிறோம். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஐம்பது நாள் வரணும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருது என்று பாக்கெட் மேலே தேதி எழுதிப் பாருங்கள். ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் இருக்கிற உப்பு வேறு தனி.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் நம்மிலும் இருக்கோம். பல் வலிக்குத் தொடங்கி, பசியை அமுக்கப் போட்டுப் போட்டுப் பழகிப்போனது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால் இந்த மாதமே காட்டுங்கள். ஒரே நாளில் விட முடியவில்லை என்றால் நாளைக்கு ஒரு தடவையாவது குறைத்துத் தொடங்குங்கள்.

நடைப்பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாள் முழுக்க நாற்று நடுகிற பெண்ணைக் காலையில் எழுந்து நடக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. அவருக்கு வேண்டியது மதியம் அரை மணி நேரம் கால் நீட்டிப் படுப்பது. பீடி சுற்றுகிறவர்கள், தையல் மிஷினில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் மட்டும் சாயங்காலம் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து நடங்கள். பேசிக்கொண்டே நடந்தால் மனசுக்கும் நல்லது.

மனசு என்றதும் ஒன்று. கூட்டத்தில் கணக்கு முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஓடிவிடுகிறோம். இந்த வருஷம் கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிஷம் உட்காருங்கள். யாராவது வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தால், இரண்டு மூன்று வாரம் கூட்டத்துக்கு வராமல் இருந்தால், பாக்கிக்காக மட்டும் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். தூக்கம் வரலை, வாழவே பிடிக்கலை என்று ஒருத்தர் சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416, வீட்டில் அடி உதை என்றால் 181. இரண்டும் இலவச எண்கள். குழு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போ செய்முறைக்கு வருவோம். தீர்மானப் பதிவேட்டில் புதுசாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பொங்கல் முடிந்து வருகிற முதல் கூட்டத்தில், ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கு என்று ஒரே ஒரு தீர்மானம் சொல்லட்டும். ஒன்றுதான். ஐந்து சொன்னால் ஐந்தும் நடக்காது. முடிந்தவரை எல்லோரும் மூன்று மாதத்துக்குள் ரத்த அளவு பார்ப்பது என்பதைப் பொதுத் தீர்மானமாகப் போடலாம். கடனுக்குத் தவணைத் தேதி எழுதுகிற மாதிரி இதுக்கும் தேதி எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூலானதும் அந்தப் பக்கத்தையும் எடுத்துக் கேளுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்கணும். முதலாவது, அந்தப் பக்கத்தில் 'பார்த்தாச்சு', 'இன்னும் இல்லை' என்று மட்டும் எழுதணும். ரத்தம் எவ்வளவு, என்ன வியாதி, என்ன மாத்திரை என்று ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. பதிவேட்டை தணிக்கைக்கு வருகிறவர் பார்ப்பார், வங்கியில் பார்ப்பார்கள். கல்யாணமாகாத பெண்களும் விதவைச் சகோதரிகளும் குழுவில் இருக்கிறார்கள். ஒருத்தர் உடம்பு விஷயம் டீக்கடை வரை போனால், அடுத்த வருஷம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டாவது, அபராதம் வேண்டாம். கூட்டத்துக்கு லேட்டாக வந்தால் அபராதம் போடுகிறோம், சரி. பரிசோதனைக்குப் போகவில்லை என்று அபராதம் போட்டால் போகாதவர் கூட்டத்துக்கும் வராமல் நின்றுவிடுவார். ஏன் போகவில்லை என்று கேளுங்கள். ஒரு நாள் கூலி போகும், ஆட்டைப் பிடித்துக் கட்ட ஆளில்லை, தனியாகப் போக பயம், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பதிலாக வரும். மூன்றுக்கும் குழுவிடம் வழி இருக்கு. ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஒரே பஸ்ஸில் போங்கள், ஊரில் இருக்கிறவர்கள் அன்னைக்கு அவர்கள் ஆடு மாட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த முறை முறை மாற்றிக்கொள்ளலாம். அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதம் முதல் நமக்கு டிக்கெட் காசு இல்லாமல் ஆனது இதுக்கும்தான் உதவணும். கூலி போகிறது என்பது மட்டும் உண்மையான நஷ்டம். வேலை குறைவான நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கா என்றும் இந்த மாதமே பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கா, ரேஷன் கார்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகுதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த அலைய முடியாது.

மாதிரிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேடைப் பக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவின் ஊக்குனரும் போகும்போது ஒன்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளவும். ஏப்ரல் கூட்டத்துக்கு வரும்போது எத்தனை பேர் ரத்த அளவு பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் கொண்டு வந்தால் போதும், பெயர் வேண்டாம். கிராம சுகாதார செவிலியர் அடுத்த அரை மணி நேரம் இங்கேதான் இருப்பார்கள், தனியாகக் கேட்க வேண்டியதைப் பின்னால் இருக்கிற அறையில் போய்க் கேளுங்கள். சாப்பாடு தயாராக இருக்கு. எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம், பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு பங்கு முதலிலேயே எடுத்து வைத்தாச்சு. டீ மட்டும் ஒரு மணி நேரம் கழித்து வரும்.